செல்லப் பிராணிகளுடன் விமானப் பயணம்: வாசகர் கேள்விகள்

கே: விமானம் கிளம்பிய பிறகு பூனையைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாமா?

ப: கூடாது. இறங்கும்வரை அது மூடிய பையில், முன் இருக்கைக்கு அடியில்தான் இருக்க வேண்டும்.

கே: என் நாயின் எடை 7 கிலோ. கேபினில் அனுமதிப்பார்கள்தானே?

ப: எந்த நிறுவனத்தின் விமானம் என்பதை நீங்கள் எழுதவே இல்லை. பல நிறுவனங்கள் விதிக்கும் 8 கிலோ வரம்பு, பையின் எடையையும் சேர்த்தது. உங்கள் பை ஒன்றரை கிலோ இருந்தாலே வரம்பு தாண்டிவிடும். ஒரு விமானத்தின் கேபினில் இத்தனை பிராணிகள்தான் என்ற கணக்கும் உண்டு. ஆகவே டிக்கெட் வாங்குவதற்கு முன்பே நிறுவனத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

கே: பிராணிக்கான கட்டணம் போக வர இரண்டுக்கும் சேர்த்ததா?

ப: பொதுவாக ஒரு வழிக்கு மட்டுமே. வழியில் வேறு நிறுவனத்தின் விமானத்துக்கு மாறுகிறீர்கள் என்றால், அங்கே தனியாகக் கட்ட வேண்டி வரலாம்.

கே: சரக்குப் பகுதியில் நாய் பயப்படும் என்பதால் மயக்க மாத்திரை கொடுத்து அனுப்ப நினைக்கிறேன். எவ்வளவு கொடுக்கலாம்?

ப: கொடுக்கவே வேண்டாம். மாதம் தவறாமல் வரும் இந்தக் கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதினாலும் அடுத்த மாதமும் யாராவது மாத்திரையின் அளவைத்தான் கேட்கிறார்கள். மயக்க மருந்து இரத்த அழுத்தத்தையும் சுவாசத்தையும் தாழ்த்துகிறது. உடல் வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் திறனையும் குறைக்கிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ 8,000 அடி உயர மலையில் இருப்பதைப் போன்றது என்பதால், தரையில் தாங்கிய அளவு மேலே ஆபத்தாகலாம். அங்கே கவனித்து உதவ ஆளும் இல்லை. ஒரு முறை செக்-இன் கவுன்ட்டரில், கூண்டுக் கம்பிகளில் மூக்கு நசுங்கத் தலை சாய்ந்து, நாக்கின் நுனி வெளியே தொங்க, பெயரைச் சொல்லி அழைத்தும் கண் திறக்காத ஒரு நாயைப் பார்த்தேன். ஊழியர் ஏற்ற மறுத்தார், அவர் செய்ததே சரி. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமும் பயணத்துக்காக மயக்கமூட்டுவதைப் பரிந்துரைப்பதில்லை. மாறாக, ஒரு மாதம் முன்பே கூண்டை வீட்டுக்குள் திறந்து வைத்து, அதிலேயே உணவு கொடுத்து, தூங்கப் பழக்குங்கள்.

கே: கூண்டின் நீளத்தை எப்படிக் கணக்கிடுவது?

ப: மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரையுள்ள நீளத்துடன், தரையிலிருந்து முன்னங்கால் முழங்கை வரையுள்ள உயரத்தில் பாதியைக் கூட்டுங்கள். உள்ளே நாய் தலை இடிக்காமல் நிற்கவும் திரும்பவும் முடிய வேண்டும்.

கே: அடுத்த வாரம் ஐரோப்பா செல்கிறோம். நாய்க்கு எல்லா ஊசியும் போட்டாயிற்று. வேறு என்ன தேவை?

ப: அடுத்த வாரப் பயணத்துக்கு இந்த வாரம் கேட்கிறீர்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி முதலில் மைக்ரோசிப் (தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லு), அதன் பிறகே ரேபிஸ் ஊசி. சிப்புக்கு முன் போட்ட ஊசி கணக்கில் வராது. முதல் ஊசிக்குப் பின் 21 நாட்கள் காத்திருக்க வேண்டும். ஒன்றியம் ஏற்றுக்கொண்ட நாடுகளின் பட்டியலில் இல்லாத நாட்டிலிருந்து செல்வதானால், ஊசி போட்டு 30 நாட்களுக்குப் பிறகு இரத்தப் பரிசோதனை, அதற்குப் பின் மேலும் மூன்று மாதக் காத்திருப்பு. ஏறத்தாழ நான்கு மாத வேலை இது.

கே: எங்கள் பக் நாயைச் சரக்குப் பகுதியில் அனுப்பலாமா?

ப: மூக்கு குட்டையான இனங்கள் மூச்சுத்திணறலுக்கு எளிதில் ஆளாகும் என்பதால் பல நிறுவனங்கள் மறுக்கின்றன. டிக்கெட்டுக்கு முன் எழுத்தில் கேளுங்கள்.

கே: லண்டனுக்குப் பூனையைக் கேபினில் கொண்டுபோக முடியுமா?

ப: முடியாது. பிரிட்டனுக்குள் விமானத்தில் வரும் செல்லப் பிராணிகள் சரக்காகவே வர வேண்டும். உதவி நாய்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.