அக்காவைக் கட்டிவைக்கக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் அக்காவுக்கு 61 வயது. மனச்சிதைவு நோய். பல வருடங்களாகக் காப்பகத்தில் இருக்கிறார். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து போகும்போது இரண்டு முறை விழுந்துவிட்டார். கண்ணாடி போன வருடமே உடைந்துவிட்டது. எதுவும் படிப்பதில்லை என்பதால் புதிது வாங்கவில்லை. இரவில் கட்டிலோடு கட்டிவைக்கக் காப்பகத்தில் கையெழுத்து கேட்கிறார்கள். போடலாமா?

பதில்: போடாதீர்கள். ஏன் என்பதை அப்புறம் சொல்கிறேன். முதலில் அந்தக் கண்ணாடி.

படிக்காதவருக்குக் கண்ணாடி எதற்கு என்று முடிவு செய்தது யார்? பாத்ரூம் வாசல்படி அவருக்குத் தெரிய வேண்டாமா? தரையில் கிடக்கும் ஈரம்? உங்கள் கண்ணாடி உடைந்திருந்தால் மறுநாளே கடைக்குப் போயிருப்பீர்கள். மனநோய் என்று ஒன்று வந்துவிட்டால் அந்த மனிதரின் கண், பல், கால் எதையும் வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. இப்படி எத்தனையோ கடிதங்கள் வருகின்றன. ஒவ்வொரு முறையும் கோபம்தான் வருகிறது. மாதாமாதம் பணம் கட்டுவதோடு கூடப்பிறந்தவரின் கடமை முடிவதில்லை, தம்பி. இந்த வாரமே கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

அடுத்தது மாத்திரை. மனநோய்க்கான பல மருந்துகள், படுக்கையிலிருந்து எழுந்து நின்றதும் பிரஷரைச் சட்டென்று இறக்கிவிடும். படுத்திருக்கும்போது ஒரு தரம், நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால் டாக்டருக்கு உடனே தெரிய வேண்டும். கை நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்ஸிபெனிடில் பார்வையை மங்கலாக்கும், வயதானவர்களைக் குழப்பும். தூக்க மாத்திரை தள்ளாட வைக்கும். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

சரி, கையெழுத்து. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரம் மட்டுமே ஒருவரைக் கட்டுப்படுத்தலாம். ராத்திரி ஆள் இல்லை என்பதற்காகத் தினமும் கட்டிவைக்க உங்கள் கையெழுத்து அனுமதி ஆகாது. கட்டியே வைத்தால் கால் பலமும் போய்விடும். ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் 2001-ல் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

கட்டிலை பாத்ரூமுக்குப் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். போகும் வழியில் இரவு விளக்கு எரியட்டும். தூங்கும் முன் ஒரு முறை ஆயா கூட்டிப் போகட்டும். எழும்போது தலை சுற்றுகிறதா, எந்த நேரத்தில் எழுகிறார் என்று அக்காவிடமே கேளுங்கள். இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், அக்கா சொன்னதாக அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.