புராஜெக்டில் கோடிங் செய்யாத டீம்மேட்களின் பெயரை நீக்கச் சொல்லி கைடிடம் கேட்கலாமா?

நான்கு பேர் டீம், நீங்களும் நண்பனும்தான் முழு கோடிங்கும், மற்ற இரண்டு பெண்கள் பிபிடி, ரிப்போர்ட் என்று ஒதுங்கிவிட்டார்கள் என்கிறீர்கள். இறுதியாண்டு, புராஜெக்டை மதிப்பிடும் இரண்டாவது ரிவ்யூ முடிந்த கோபத்தில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கேட்காதீர்கள். எங்கள் டீமில் அந்த 'ரிப்போர்ட் மட்டும் எழுதினவள்' நான்தான்.

சென்னைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் ஈசிஇ (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) படித்தேன். மண்ணின் ஈரத்தைப் பார்த்துத் தானாக மோட்டார் போடும் சொட்டுநீர்ப் பாசனம் எங்கள் புராஜெக்ட். பையன்கள் இருவரும் கோடிங்கை எடுத்துக்கொண்டார்கள். எனக்கும் தோழிக்கும் ரிப்போர்ட், பொருள் வாங்குவது, புராஜெக்டை வழிநடத்தும் கைடிடம் கையெழுத்து வாங்குவது. இப்படிப் பிரிக்கலாமா என்று யாரும் உட்கார்ந்து பேசவில்லை, அதுவாக அமைந்தது.

ரிப்போர்ட் என்றால் நெட்டில் இருந்து எடுத்து ஒட்டுவது, டைம்ஸ் நியூ ரோமனில் போட்டு பைண்டிங் கொடுப்பது என்று நினைக்கிறார்கள். ஹார்ட்வேர் அத்தியாயம் எழுத நாங்கள் பயன்படுத்திய நோட்எம்சியூ என்ற கட்டுப்பாட்டு போர்டின் டேட்டாஷீட்டை (தொழில்நுட்ப விவரத்தாளை) நான் வரிவரியாகப் படித்தேன். எங்கள் சர்க்யூட் படத்தில் மூன்று ஈரப்பத சென்சார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு அனலாக் உள்ளீடு வேண்டும். ஆனால் அந்த போர்டில் இருக்கும் இஎஸ்பி8266 சிப்பில் அனலாக் உள்ளீடு ஒன்றே ஒன்றுதான். அதுவரை ஒரே சென்சாரை மாட்டி டெஸ்ட் செய்துகொண்டிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. ஆறு அனலாக் உள்ளீடு உள்ள ஆர்டுயினோ ஊனோ என்ற இன்னொரு போர்டில் மூன்றையும் படித்து, சீரியல் இணைப்பு வழியாக நோட்எம்சியூவுக்கு அனுப்பலாம் என்று சொன்னதும் நான்தான். ஊனோ 5 வோல்ட், நோட்எம்சியூ 3.3 வோல்ட், நடுவில் இரண்டு ரெசிஸ்டர் வைத்து மின்னழுத்தத்தைக் குறைக்க வேண்டும் என்பதையும் அதே டேட்டாஷீட்டில் பார்த்துத்தான் சொன்னேன். சனிக்கிழமை சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்குப் போய் எல்லாவற்றையும் நானும் தோழியும் வாங்கி வந்தோம்.

அடுத்த ரிவ்யூவில் பேனலில் இருந்த மேடம் யார் யார் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். "நாங்க ரெண்டு பேரும் டெவலப்மெண்ட், அவங்க டாக்குமெண்டேஷன் மேம்" என்றான் டீம் லீடர். அத்தோடு முடிந்தது. இன்டர்னலே 20 மதிப்பெண்தான், அதில் கொஞ்சம் குறைந்ததற்காக நான் இன்னும் வருந்தவில்லை. அந்த ஒரு வரிதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

'அப்போ ஓபி அடிக்கிறவங்களே கிடையாதா?' என்று கமெண்டில் வருவார்கள். இருக்கிறார்கள், எங்கள் வகுப்பிலேயே இருந்தார்கள். அவர்களுக்கு நான் வக்கீல் இல்லை. மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்துப் பார்த்து, கூட்டம் சேரச் சேர ஒவ்வொருவரும் செலுத்தும் விசை குறைகிறது என்று 1913-லேயே எழுதினார். குரூப் புராஜெக்ட் என்றாலே இதைத்தான் எல்லோரும் எடுத்துக் காட்டுகிறார்கள். ஆனால் எல்லோரும் ஒரே நொடியில் சேர்ந்து இழுக்காததைத்தான் அவர் முக்கியக் காரணமாகக் கருதினார். சோம்பலை அவர் முதலில் வைக்கவில்லை.

சேர்ந்து இழுக்க முடியாததற்கு எங்கள் கல்லூரியில் ஒரு காரணம் இருந்தது. பெண்கள் விடுதியில் மாலை ஆறரைக்குள் உள்ளே போய்விட வேண்டும். பையன்கள் விடுதியில் அந்தக் கெடுபிடி இல்லை. அவர்கள் இரவெல்லாம் ஒரே அறையில் உட்கார்ந்து கோடு எழுதினார்கள், போர்டும் அங்கேதான் இருந்தது. நாங்கள் எங்கே போய் டெஸ்ட் செய்வது? வார்டனிடம் லேப் அனுமதி கேட்டால் அப்பாவைப் பேசச் சொல்லுங்கள் என்பார். 21 வயதுப் பெண் மோட்டாரை ஆன் செய்யும் ஒரு ரிலே வேலை செய்கிறதா என்று பார்க்க அப்பா எதற்கு? பாதுகாப்பைக் காரணம் காட்டி விடுதி மாணவிகளுக்கு மட்டும் பாகுபாடான விதிகள் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 'சக்ஷம்' அறிக்கை 2013-லேயே சொல்லியிருக்கிறது. எத்தனை கல்லூரிகள் அதைத் திறந்து பார்த்திருக்கும்? கேட்ட கேள்விக்கு இது வெளியே என்று தோன்றலாம். ஆனால் யார் கோடிங், யார் ரிப்போர்ட் என்பதை எங்கள் டீமில் தீர்மானித்ததே அந்த விடுதி கேட்தான்.

சரி, உங்கள் விஷயம். நான் படித்த 2017 ரெகுலேஷனில் (பாடத்திட்ட விதிகளில்) புராஜெக்டுக்கு 10 கிரெடிட். பெயர் போனால் டிகிரியே தள்ளிப்போகும், கோபத்தில் கேட்கும் விஷயம் இல்லை இது. யார் எந்தக் கோடைச் சேர்த்தார்கள் என்று பதிவாகும் கிட் லாகைக் காட்டி 'எல்லா கமிட்டும் என்னுடையது' என்பீர்கள். கடைக்கு அலைந்ததும், கைடின் அறை வாசலில் நின்றதும், அத்தியாயத்தைத் திருப்பித் திருப்பித் திருத்தியதும் அதில் வராது. முதலில் நால்வரும் உட்கார்ந்து இதுவரை நடந்த எல்லா வேலையையும் ஒரு தாளில் எழுதுங்கள், யார் செய்தது என்று பக்கத்தில் பெயர் போடுங்கள். அப்புறமும் ஒருவர் பெயர் எங்குமே வரவில்லை என்றால், மூன்றாவது ரிவ்யூவுக்கு முன்பே அந்தத் தாளோடு, அவரையும் கூட்டிக்கொண்டு கைடிடம் போங்கள். முதுகுக்குப் பின்னால் வேண்டாம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்தப் பெண்கள் விடுதியிலா, கல்லூரி பஸ்ஸிலா? எங்களுக்கு டைம்டேபிளில் வாரம் 20 பீரியட் புராஜெக்டுக்கே ஒதுக்கியிருந்தார்கள், பாதி நாள் அந்த நேரத்தில் பையன்கள் தூங்கினார்கள். உங்களுக்கும் அப்படி நேரம் இருந்தால், போர்டையும் லேப்டாப்பையும் பகலில் லேபுக்குக் கொண்டு வந்து, ஒரு மாட்யூலை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட்டில் ஒரு அத்தியாயத்தை நீங்கள் எழுதுங்கள்.