கரிக்கோச்சி பார்க்க ஆசைப்படும் அம்மாவுக்கு ஊட்டி ரயிலில் எந்தத் துண்டு?

கேள்வி: உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 74 வயது. சின்ன வயதில் திருகோணமலைப் பக்கம் சீனக்குடா ஸ்டேஷனில் கரிக்கோச்சி (நிலக்கரியில் ஓடிய நீராவி ரயில்) பார்த்த கதையை இப்போதும் சொல்லுவா. ஆகஸ்ட் பாடசாலை விடுமுறைக்குக் கோயம்புத்தூரில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போகிறோம். அப்போது ஒரு நாள் ஊட்டி நீராவி ரயிலில் அவவைக் கூட்டிப்போக நினைக்கிறேன். முழங்கால் நோ இருப்பதால் முழுப் பயணத்தின் ஐந்து மணி நேரமும் இருக்கமாட்டா. ஊட்டியில் ஏறிக் குன்னூரில் இறங்கினால் போதுமா? 8 வயது மகனும் வருகிறான்.

பதில்: ஊட்டி–குன்னூர்த் துண்டுக்கு மட்டும் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். அங்கே இழுப்பது டீசல் இஞ்சின். நீராவி இஞ்சின் ஓடுவது மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையில்தான். இது தெரியாமல் நானே ஏமாந்திருக்கிறேன். முதன்முறை அப்பாவைக் கூட்டிப்போனபோது, பதிவுசெய்து தந்தவர் ஊட்டியில்தான் ஏறவேண்டும் என்றார். அப்பா பிளாட்பாரத்தில் நின்று இஞ்சினை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது எங்கட மெயில் ரயில் மாதிரித்தானே" என்றார். பாவம், வேறொன்றும் சொல்லவில்லை.

ஆகவே உங்களுக்கு என் யோசனை இதுதான். காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்தில் ஏறுங்கள். பத்தரை மணியளவில் குன்னூர் வரும், அங்கேயே இறங்கிவிடுங்கள். ஐந்து மணி நேரம் மூன்றரையாகக் குறையும். அம்மாவுக்கு வேண்டிய நீராவியும் முழுதாகக் கிடைக்கும். குன்னூரில் நீராவி இஞ்சினைக் கழற்றி டீசலை மாட்டுவார்கள். மகனை முன்னுக்கு நிறுத்தி அதையும் காட்டுங்கள். சாப்பிட்டு, சிம்ஸ் பூங்காவில் ஆறுதலாக இருந்துவிட்டு, பஸ்ஸிலோ காரிலோ இறங்கலாம். வீதியில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு, தலைசுற்றுக் குளிசை கையில் இருக்கட்டும்.

மலைப்பாதையின் சிறப்பு கல்லாறு ஸ்டேஷன் தாண்டியபிறகு தொடங்குகிறது. தண்டவாளங்களுக்கு நடுவே பல்வைத்த இரண்டு இரும்புச் சட்டங்கள் பக்கம் பக்கமாகப் போகும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் இடைவெளி. இஞ்சினின் பற்சக்கரம் ஒரு பல்லை விடுமுன் அடுத்ததைப் பிடித்துவிடும், அதனால் வழுக்காது. ஏற்றம் 12.28 அடிக்கு ஓர் அடி. கண்டிக்குப் போகும் ரயில் பாதையில் எங்கள் கடுகண்ணாவ ஏற்றம் 44 அடிக்கு ஓர் அடி என்றால் வித்தியாசத்தைக் கணக்குப் பாருங்கள். சாதாரண சக்கரம் இங்கே நின்ற இடத்திலேயே சுற்றும். இஞ்சினில் நான்கு சிலிண்டர்கள்: இரண்டு சக்கரங்களுக்கு, இரண்டு பற்சக்கரத்துக்கு. பற்சட்டத்தில் ஏறும்போது, முதல் இரண்டில் வேலைசெய்து வெளியேறும் நீராவியே மற்ற இரண்டையும் தள்ளுகிறது. அந்த இடத்தில் மூச்சுச் சத்தம் மாறும், அம்மாவைக் காது கொடுக்கச் சொல்லுங்கள். இந்த ஏற்றத்தில் வேகம் மணிக்கு 13 கிலோமீற்றருக்கு மேல் போகாது. ஏறும்போது இஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளும். ஒவ்வொரு பெட்டியின் முன்முகப்பிலும் கொடியோடு ஒரு பிரேக்காரர் நிற்பார். குன்னூர் வரையான பாதை 1899இல் திறந்தது, ஊட்டிக்குப் போய்ச் சேர்ந்தது 1908இல். 2005இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது.

ஒன்றை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இப்போது பல இஞ்சின்கள் எண்ணெயில் எரிகின்றன. சீனக்குடாவில் அவ மூக்கில் ஏறிய கரிமணம் அன்று கிடைக்காமல் போகலாம். நீராவி, ஊதல், தண்ணீர் பிடிக்கிற காட்சி எல்லாம் அப்படியே இருக்கும். ஆறரைக்கே ஸ்டேஷனுக்குப் போய்விடுங்கள். பெட்டிக்குள் இருக்கும்போது இஞ்சின் சரியாகக் கண்ணில் படாது. கொதிகலன் அனல் முகத்தில் படுகிற தூரத்தில் அவவை ஒரு ஐந்து நிமிடம் நிற்கவிடுங்கள்.

முழங்கால் விஷயத்தில் மறைக்காமல் சொல்கிறேன். பெட்டிக்குள் கழிப்பறை இல்லை. ஏறுமுன் மேட்டுப்பாளையத்தில் போய்வரச் சொல்லுங்கள். இஞ்சின் தண்ணீர் பிடிக்க வழியில் ஹில்குரோவ் ஸ்டேஷனில் நிற்கும், காலை நீட்டி நடக்க அது நல்ல இடம். தேநீரும் வடையும் கிடைக்கும், குரங்குகளும் வரும். மகன் கையில் பிஸ்கட்டோடு இறங்கவேண்டாம். இரண்டாம் வகுப்பில் எதிர் எதிர் இருக்கைகளில் முழங்கால்கள் இடிபடும். அம்மாவுக்காக முதலாம் வகுப்பு எடுங்கள், இந்தச் செலவில் மட்டும் கை சுருக்கவேண்டாம்.

ஆகஸ்டில் போவது நல்லது. எங்கள் பக்கம் வாடைக்காற்றோடு வருகிற ஐப்பசி, கார்த்திகை மழைதான் குன்னூர்ச் சரிவையும் அடித்துப்போடும். மண்சரிந்து வாரக்கணக்கில் ரயிலை நிறுத்தியிருக்கிறார்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற இந்தக் காலத்தில் அந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் முதல்நாள் மாலை ஒருதரம் ஸ்டேஷனில் விசாரியுங்கள். திருகோணமலை வெயிலில் இருந்து போகிறவர்களுக்குக் குன்னூரே குளிரும். அம்மாவுக்குக் கம்பளிச் சட்டையும் காலுறையும் கட்டாயம்.

டிக்கெட் 60 நாட்களுக்கு முன் திறக்கும், விடுமுறைக் காலத்தில் சட்டென்று தீர்ந்துவிடும். இணையத்தில் தேடும்போது ஊட்டி என்று அடித்துப் பார்த்துக் குழம்பாதீர்கள், ஸ்டேஷன் பெயர் உதகமண்டலம். நீங்கள் இறங்கப்போவது குன்னூர் என்பதால் குன்னூருக்கே பதிவுசெய்யுங்கள். காலை வண்டியில் இடமில்லை என்றால் பிற்பகல் வண்டியைப் பாருங்கள். 2 மணிக்கு ஊட்டியில் புறப்பட்டு, மூன்றேகால் மணியளவில் குன்னூர் வந்து, நீராவியோடு கீழே இறங்கும். மேட்டுப்பாளையம் சேர ஐந்தரை தாண்டும். கோயம்புத்தூர் உறவினரிடமே பதிவுசெய்யச் சொல்லுங்கள். பெயர்களைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே கொடுங்கள், பரிசோதகர் கேட்டால் காட்டவேண்டியது அதைத்தான்.