கொக்கு, ஆமை, புலி, கெண்டை: பழைய ஜப்பானியச் சுருள் ஓவியங்கள் பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்

கே: அக்கா, கியோட்டோவில் தோஜி கோயில் சந்தையில் ஒரு கொக்கு ஓவியம் வாங்கினேன். மருயாமா ஓக்கியோ என்று கையெழுத்து இருக்கிறது. அசல்தானா?

மாதம் 21-ஆம் தேதி கூடுமே, அந்தச் சந்தைதானே? நல்ல இடம்தான். ஆனால் புகழ்பெற்ற ஓவியர் ஓக்கியோ (1733–1795) பெயரைப் போட்டு மற்றவர்கள் வரைந்தவை ஏராளம், அதனால் கையெழுத்தை மறந்துவிட்டு ஒரு லென்ஸை எடுத்துக் கொக்கின் வெள்ளை இறகைப் பாருங்கள். ஒரே அளவில் வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு. கையால் தீட்டியதில் வெள்ளை லேசாக மேடு தட்டியிருக்கும்; சிப்பி ஓட்டை அரைத்துப் பசையில் குழைத்த 'கோஃபுன்' அது, பலமுறை சுருட்டி விரித்ததில் அங்கங்கே மயிரிழை மாதிரி வெடித்திருக்கும். புள்ளி இல்லை என்பதால் மட்டும் அசல் என்று முடிவுகட்ட வேண்டாம், புள்ளி விழாத பழைய அச்சு முறையும் உண்டு. சுருளை வைத்திருக்கும் பெட்டியில் எழுதியிருப்பதையும் அப்படியே நம்பாதீர்கள், பெட்டி மாறியிருக்கலாம்.

கே: என் ஓவியத்தில் ஆமைக்கு நீளமாக வால் மாதிரி ஏதோ தொங்குகிறது. தவறாக வரைந்துவிட்டார்களா?

இல்லை, அது பாசி. நெடுங்காலம் வாழ்ந்த ஆமையின் ஓட்டில் பாசி வளர்ந்து பின்னால் இழைகிறது, 'மினோகாமே' என்பார்கள். கொக்குக்கு ஆயிரம் ஆண்டு, ஆமைக்குப் பத்தாயிரம் என்று அங்கே சொல்வழக்கு. அதனால்தான் கல்யாணத்துக்கும் புத்தாண்டுக்கும் இரண்டையும் சேர்த்து மாட்டுகிறார்கள்.

கே: புலி ஏன் பூனை மாதிரி இருக்கிறது?

ஜப்பானில் அப்போது புலியே கிடையாது. வெளிநாட்டிலிருந்து வந்த தோலையும் வீட்டுப் பூனையையும் பார்த்துத்தான் வரைந்தார்கள். ஜப்பானின் ககாவா மாகாணத்தில் கொதோஹிரா கோயிலின் நகரும் கதவுகளில் ஓக்கியோ வரைந்த புலிகள் இருக்கின்றன, ஒன்று குனிந்து தண்ணீர் குடிக்கும். ரோமம் அவ்வளவு துல்லியம், முகம் மட்டும் பூனை. எனக்கு அது குறையாகவே படவில்லை, பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போகிறது.

கே: மகனுக்காக, அருவியில் ஏறும் கெண்டை ஓவியம் வாங்கினேன். ஹாலில் சோபாவுக்கு மேல் நிரந்தரமாக மாட்டலாமா?

அருவியை ஏறிக் கடக்கும் கெண்டை டிராகன் ஆகிறது என்ற சீனக் கதையிலிருந்து வந்தது அது, பையனுக்குப் பொருத்தம்தான். ஆனால் நிரந்தரமாக வேண்டாம். சுருள் ஓவியம் பருவத்துக்கு ஏற்ப மாற்றி மாற்றி மாட்டுவதற்கென்றே செய்தது. இரண்டு மூன்று வாரம் மாட்டுங்கள், அப்புறம் சுருட்டிப் பெட்டியில் வையுங்கள். வெயில் விழும் சுவரும் ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும் கூடவே கூடாது. மியூசியத்தில் இவற்றுக்கு சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் வைப்பார்கள், உங்கள் ஹால் விளக்கு அதைவிடப் பல மடங்கு. சுருட்டும்போது இறுக்காதீர்கள்.

கே: ஓரத்துச் சரிகைத் துணியை வெட்டிவிட்டு பிரேம் போடலாமா?

தயவுசெய்து வெட்டாதீர்கள். பழைய முறையில் கோதுமை மாவுப் பசைதான் போட்டிருப்பார்கள், நீரில் இளகும், அதனால் வேலை தெரிந்த கைவினைஞர் ஓவியத்தைத் துணியிலிருந்து சேதமில்லாமல் பிரித்துத் தருவார். துணியைப் பத்திரப்படுத்துங்கள்.

கே: அடி உருளையின் முனைகள் தந்தம் மாதிரி தெரிகின்றன. இந்தியாவுக்கு எடுத்துப்போகலாமா?

தந்தம் என்றால் எடுத்துப்போகவே கூடாது, ஓவியமே சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும். புறப்படும் முன் அதே கைவினைஞரிடம் மர முனை மாற்றித் தரச் சொல்லுங்கள்.