ராணுவம் கழித்துவிட்ட பழைய ரைஃபிள் வாங்கலாமா? பராமரிப்பது கஷ்டமா?

வாங்கலாம். லைசென்ஸ் கையில் இருக்கிறது, வாங்கிவிட்டு அல்லாடுவோமோ என்றுதான் பயப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். லைசென்ஸே இல்லையென்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

என்னிடம் இருப்பது மோசின் நாகாந்த் 91/30, ரஷ்ய ராணுவத்தின் பழைய ரைஃபிள். பேரலில் 1943 என்று பொறித்திருக்கும். போர்க்கால அவசரத்தில் செய்தது, பேரல் வந்து பொருந்தும் நடு உடலான ரிசீவரில் கடைசல் கோடுகள் அப்படியே தெரியும். வந்த அன்று ரைஃபிளே கண்ணுக்குத் தெரியவில்லை. மேலெல்லாம் காஸ்மோலின், பழுப்பு நிறக் கிரீஸ். வெளியே துடைத்ததோடு வேலை முடிந்தது என்று ரேஞ்சுக்குக் கிளம்பிவிட்டேன். பத்துத் தோட்டா போயிருக்கும், தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் போல்ட் இறுகிக்கொண்டது. உள்ளங்கையால் அடித்து அடித்துத் திறந்தேன். பக்கத்தில் நின்றவர்கள் “ரஷ்யச் சரக்கே இப்படித்தான்” என்று சிரித்தார்கள். சரக்கில் குறையே இல்லை. தோட்டா உட்காரும் சேம்பருக்குள் தங்கியிருந்த கிரீஸ் சூட்டில் இளகிப் பசையாகியிருந்தது, அவ்வளவுதான். கரைப்பானில் நனைத்த பிரஷ்ஷை விட்டுத் தேய்த்ததும் சரியாகிவிட்டது.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய தப்பு. பழைய ராணுவத் தோட்டாக்கள் பலவற்றில் பிரைமருக்கு, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் அடிமூடிக்கு, பொட்டாசியம் குளோரேட் போட்டிருப்பார்கள். சுட்டபின் அது பேரலுக்குள் உப்பாகப் படிந்து காற்றின் ஈரத்தை இழுக்கும். நான் எண்ணெய் மட்டும் விட்டுத் துடைத்தேன். எண்ணெயில் உப்பு கரையுமா? மூன்றாம் நாள் வெள்ளைத் துணியை விட்டு இழுத்தால் செங்கல் நிறத்தில் வருகிறது. வயிற்றைக் கலக்கிவிட்டது. இப்போதெல்லாம் சுட்ட அன்றே பேரலுக்கும் போல்ட் முகத்துக்கும் வெந்நீர், ஈரம் சுத்தமாகக் காய்ந்த பிறகுதான் எண்ணெய். “இரும்புக்குத் தண்ணீரா?” என்று சண்டைக்கு வருபவர்கள் வரட்டும், அந்தத் துணியை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வாங்கும்போது பேரலிலும் போல்ட்டிலும் சீரியல் எண் ஒன்றுதானா என்று பாருங்கள். மாறியிருந்தால் குடிமுழுகிவிடாது, ஆனால் ஹெட்ஸ்பேஸை, அதாவது மூடிய போல்ட்டுக்கும் சேம்பருக்கும் நடுவே தோட்டாவுக்கு உள்ள இடத்தை, கேஜ் என்ற அளவுகோல் வைத்துப் பார்க்காமல் ஒரு தோட்டாகூடச் சுடாதீர்கள். எண் ஒன்றாக இருந்தாலும் பார்ப்பது நல்லது. பேரல் முனை உட்புறம் குடைந்திருந்தால் பதற வேண்டாம். துடைகோல் உரசித் தேய்ந்த இடத்தை ராணுவப் பட்டறையிலேயே அப்படிக் குடைந்து சரிசெய்திருப்பார்கள். ரைஃபிளின் மரக்கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிக்கிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. சொன்னால் பெரிதாகிவிடும்.

சம்பந்தமில்லாததுதான், இருந்தாலும் சொல்கிறேன். “பழைய இரும்புக்கு இவ்வளவு காசா?” என்று கேட்டது என் அண்ணன். தாத்தாவின் தையல் மெஷினை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடைக்குப் போட்டவர். சக்கரம் கொஞ்சம் இறுகியிருந்தது, வேறொன்றுமில்லை.