புது நர்ஸ் வேலைக்குச் சேரும்போது கவுன்சில் பதிவு, பொறுப்பு, குவாலிட்டி வேலை பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கேட்டது இது: "பி.எஸ்சி நர்சிங் முடித்துவிட்டேன், அடுத்த மாதம் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்கிறேன். கவுன்சில் நம்பர் இன்னும் வரவில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். குவாலிட்டி என்று ஒரு ஃபைல் வேலையையும் தலையில் கட்டுவார்கள் என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள். என் பொறுப்புதான் என்ன?"

நான் 11 வருடமாக வார்டில் இருக்கிறேன். கடைசி இரண்டு வருடம் பாதி நேரம் வார்டு, பாதி நேரம் அந்தக் குவாலிட்டி.

முதலில் நம்பர் விஷயம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர் தனக்கு வசதியானதைச் சொல்கிறார், அவ்வளவுதான். நர்ஸ் பதிவுக்கான சட்டம் நம் ஊரில் 1926-லிருந்தே இருக்கிறது, தமிழ்நாடு கவுன்சில் அந்தச் சட்டத்தில் பிறந்தது. பட்டத்தைப் பல்கலைக்கழகம் தருகிறது, நர்சாக வேலை பார்க்கும் உரிமையைக் கவுன்சில் தருகிறது. பெயருக்குப் பின்னால் ஆர்.என்., ஆர்.எம். என்று போட்டுக்கொள்கிறோமே, அது படித்த படிப்பின் பெயர் இல்லை, நர்சாகவும் மிட்வைஃபாகவும் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டது என்பதற்கான அடையாளம். அது வருவதற்கு முன்னால் சேரத்தான் வேண்டும் என்றால் பயிற்சியாளர் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், மருந்து சார்ட்டில் பதிவு பெற்ற ஒரு சிஸ்டர் கையெழுத்துப் போடட்டும். நான் சேர்ந்த மூன்றாவது வாரமே நைட் டியூட்டியில் ஒரு வார்டு முழுவதையும் என் தலையில் போட்டுவிட்டுப் போனார்கள், நம்பரே இல்லாத நான் விடியும்வரை கேஸ் ஷீட்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அன்று ஏதாவது நடந்திருந்தால் போலீஸ் அந்தக் கையெழுத்து யாருடையது என்றுதான் கேட்டிருக்கும், வார்டில் ஆள் பற்றாக்குறை என்பதையா கேட்டிருக்கும்?

இன்னொன்று, ஒரிஜினல் சான்றிதழ்களை எந்த ஆபீஸிலும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டுங்கள், நகல் கொடுங்கள், பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். என்னோடு படித்தவள் ஒருத்தி வளைகுடா வேலை கிடைத்தும் ஒரிஜினலைத் திரும்ப வாங்க மாதக்கணக்கில் அலைந்தாள். பெங்களூருக்குப் போனால் கர்நாடகக் கவுன்சிலிலும் பதிய வேண்டும், நம் நம்பரை வைத்து அங்கே ஓட்ட முடியாது. புதுப்பிப்பதற்கு இந்திய நர்சிங் கவுன்சில் வைத்த கணக்கு 5 ஆண்டில் 150 மணி நேரத் தொடர்கல்வி, அதனால் கருத்தரங்குச் சான்றிதழ்களை முதல் வருடத்திலிருந்தே ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். அந்த இந்திய நர்சிங் கவுன்சிலின் 1947-ஆம் வருடச் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் புதுச் சட்டம் வந்திருக்கிறது, தேசிய ஆணையம், மாநில ஆணையம் என்று பெயர்கள் மாறும். பதிவு இல்லாமல் வேலை இல்லை என்பது மாறாது.

சரி, பொறுப்பு. ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ முடித்தவரும் நீங்களும் வார்டில் செய்யப்போவது ஒரே வேலைதான், டிகிரி இருக்கிறது என்று மிதப்பாக இருக்காதீர்கள், எனக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்ததே ஒரு ஜி.என்.எம். அக்காதான். டாக்டர் போனில் மருந்து சொன்னால் எழுதிக்கொண்டு, எழுதியதை அவருக்கே திரும்பப் படித்துக் காட்டுங்கள், ரவுண்ட்ஸ் வரும்போது கையெழுத்து வாங்குங்கள். எரிச்சல்படுவார். படட்டும்.

அந்த அக்கா இல்லாவிட்டால் நான் இந்த வேலையிலேயே இருந்திருக்க மாட்டேன். நம் நாட்டில் இன்சுலின் பாட்டில் இரண்டு வகையில் வருகிறது, ஒரு மில்லியில் 40 யூனிட், ஒரு மில்லியில் 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை, 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. எங்கள் வார்டில் எப்போதும் 40தான், அன்று மருந்தகத்திலிருந்து வந்தது 100. ஒரு பெரியவருக்கு 12 யூனிட் போடச் சொல்லியிருந்தார்கள், நான் பழக்கத்தில் சிவப்பு மூடி சிரிஞ்சில் 12 கோடு வரை இழுத்துவிட்டேன். அதாவது 0.3 மில்லி, அந்தப் பாட்டிலில் அது 30 யூனிட். அக்கா, "ஏம்மா, பாட்டிலக் காட்டு" என்றார். காட்டினேன், எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு இதையெல்லாம் இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்று வைத்திருப்பது சும்மா இல்லை.

மறுநாள் இன்சார்ஜ், "ஒன்றும் ஆகவில்லையே, எதற்கு எழுத வேண்டும்?" என்றார். அக்கா எழுதினார். என் பெயரைப் பெரிதாக்காமல், என்ன வந்தது, எந்த சிரிஞ்ச், எப்படித் தெரிந்தது என்று அரைப் பக்கம். இரண்டு வாரத்தில் 40 ஒரு தட்டிலும் 100 ஒரு தட்டிலும் அதனதன் சிரிஞ்சோடு பிரித்து வைத்துவிட்டார்கள். அதற்குப் பெயர்தான் குவாலிட்டி, அப்போது எனக்குத் தெரியாது. என்னைத் திட்டியிருந்தால் நான் மட்டும் திருந்தியிருப்பேன், தட்டைப் பிரித்ததால் அடுத்து வந்த பிள்ளைகளும் தப்பித்தார்கள்.

ஃபைல் வேலை என்று உங்கள் சீனியர்கள் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் என்.ஏ.பி.எச். ஆய்வு வருகிறது என்றால் முந்தின வாரம் உட்கார்ந்து மூன்று மாத ரிஜிஸ்டரை ஒரே பேனாவில் நிரப்புகிற கூத்தை நானும் பார்த்திருக்கிறேன். அதில் மட்டும் உங்கள் கையெழுத்தைப் போடாதீர்கள். கேட்டால், நான் டியூட்டியில் இல்லாத நாள் என்று சொல்லிவிடுங்கள்.

நிஜமான எண்ணிக்கை வேறு மாதிரி இருக்கும். கை நரம்பில் போட்ட லைன் சிவந்து வீங்குவதற்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு, 2 வந்தாலே லைனை எடுத்து வேறு இடத்தில் போட வேண்டும். அதை எங்கள் வார்டில் ஷிஃப்ட்டுக்கு ஒரு தடவை பார்த்து எழுத ஆரம்பித்தோம். முதல் மாதம் எண்ணிக்கை எகிறியது, மேலே இருந்து விளக்கம் கேட்டார்கள். வீக்கம் கூடவில்லை, முன்பு யாரும் எண்ணவில்லை. படுக்கைப்புண், கீழே விழுவது இவற்றை 1000 படுக்கை நாளுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் இருந்தால் ஒரு படுக்கை நாள்) எத்தனை என்றும், யூரின் கதீட்டர் தொற்றை 1000 கதீட்டர் நாளுக்கு எத்தனை என்றும் கணக்குப் போடுகிறார்களே, அது ஏன் என்றும் அப்போதுதான் புரிந்தது. 30 படுக்கை வார்டையும் 8 படுக்கை ஐ.சி.யு.வையும் வெறும் எண்ணிக்கையால் எப்படி ஒப்பிடுவது?

தேடிப் பார்த்தால் வீங்கிய லைன்களில் பலவற்றில் என்று போட்டது என்பதே எழுதவில்லை, அதிலும் முக்கால்வாசி நைட்டில் போட்டவை. காரணம் என்ன என்று நினைக்கிறீர்கள்? நைட்டில் பிளாஸ்டர் மேல் எழுதுகிற மார்க்கர் இல்லை, இன்சார்ஜ் அலமாரியைப் பூட்டிச் சாவியோடு வீட்டுக்குப் போய்விடுகிறார். மார்க்கரை நூலில் கட்டி டிராலியில் தொங்கவிட்டோம். நீங்கள் சேருகிற இடத்தில் அதுவும் இருக்காது, அதனால் முதல் நாளே சொந்தமாக ஒன்று வாங்கிப் போங்கள், மேலே பெயர் எழுதி. டாக்டர்களுக்குக் கடன் கொடுக்காதீர்கள், திரும்ப வராது.