மூன்றாம் வருஷத்தில் கணக்குக்கு மாறுவது

காட்பாடியிலிருந்து போய் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாய், ஐந்து செமஸ்டர் முடிந்துவிட்டது. இப்போது கணக்குக்கு மாறி, அப்புறம் பிஎச்.டி. பண்ண ஆசை. ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் வேலை பார்க்கும் அப்பா, "வாத்தியாராகவா அவ்வளவு தூரம் போனாய்?" என்று சத்தம் போடுகிறார். ரொம்ப லேட்டா என்று கேட்டிருக்கிறாய்.

தம்பி, நான் குடியாத்தம். எங்கள் வீட்டில் கைலித் தறி. உதவித்தொகையில் இங்கே வந்து, மூன்றாம் வருஷம் எலெக்ட்ரிகலை விட்டுக் கணக்குக்கு மாறினேன். ஃபோன் கார்டு வாங்கிப் பேசிய காலம் அது. உன் அப்பா கேட்டதையே என் அப்பாவும் கேட்டார், காசு தீர்ந்து லைன் கட்டாகும் வரை. இன்றைக்கு ஒஹையோவில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். வாத்தியார்தான். அவர் சொன்னது பலித்துவிட்டது.

லேட் இல்லை. ஆனால் மாறுகிறேன் என்று எழுதிக் கொடுக்கும் முன் ரியல் அனாலிசிஸ் ஒரு செமஸ்டர் படித்துப் பார், கால்குலஸை அடியிலிருந்து நிறுவிப் பார்க்கும் பாடம் அது. நம் ஊரில் கணக்கு என்றால் சென்டம். நானும் பிளஸ் டூவில் 200-க்கு 200. இங்கே முதல் அனாலிசிஸ் தேர்வில் ஒரு கேள்வி: தொடர்ச்சியான ஒரு சார்பு, 0-இல் குறை எண், 1-இல் மிகை எண், நடுவில் எங்கோ பூஜ்ஜியமாகும் என்று நிறுவு. படம் போட்டேன், கோடு அச்சைத் தாண்டுகிறது, "இது தெளிவு" என்று எழுதினேன். பேப்பர் திரும்பி வந்தபோது பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே சொல்: "யாருக்கு?" பத்துக்கு ஒன்று.

சண்டை போடுகிற மாதிரிதான் பேராசிரியர் அறைக்குப் போனேன். அவர் பலகையில் எக்ஸ் ஸ்கொயர் கழித்தல் 2 என்று எழுதினார். "உலகத்தில் விகிதமுறு எண்கள், அதாவது முழு எண்களும் பின்னங்களும் மட்டும்தான் என்று வைத்துக்கொள். 1-இல் குறை, 2-இல் மிகை. பூஜ்ஜியம் எங்கே?" எங்கேயும் இல்லை. ரூட் 2 அந்த உலகத்தில் கிடையாது. கோடு தாண்டுகிற இடத்தில் ஓர் ஓட்டை. மெய்யெண்களில் அப்படி ஓட்டை கிடையாது என்பதில்தான் அந்தத் தேற்றமே நிற்கிறது. அதைப் பற்றி என் விடையில் ஒரு வரிகூட இல்லை. எரிச்சலோடு திரும்பினேன், ஆனால் ராத்திரி முழுக்க அந்த ஓட்டைதான் மண்டையில் ஓடியது. உனக்கும் அப்படி ஓடினால் மாறு. மார்க் போனது மட்டும்தான் வலித்தது என்றால் கம்ப்யூட்டரிலேயே இரு, அதில் ஒரு குறையும் இல்லை.

ஜூன் ஹு என்ற கொரியக்காரர் கல்லூரியில் வேறு படிப்பு படித்தவர். கடைசி வருஷத்தில் ஹிரோனகா என்ற பெரிய ஜப்பானியக் கணித மேதையின் வகுப்பில் உட்கார்ந்த பிறகே கணக்குப் பக்கம் வந்தார். 2022-இல் கணக்கின் மிகப் பெரிய பரிசுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கினார். இந்தப் பாதியை மட்டும்தான் எல்லோரும் சொல்வார்கள். அவர் அமெரிக்காவில் பத்துப் பன்னிரண்டு இடங்களுக்கு விண்ணப்பித்தபோது, ஹிரோனகாவின் பரிந்துரை இருந்தும், எடுத்துக்கொண்டது இல்லினாய் பல்கலைக்கழகம் ஒன்றுதான். கணக்கில் படித்த பாடங்கள் போதவில்லை என்பது ஒரு காரணம். உன் விஷயத்திலும் அதைத்தான் பார்ப்பார்கள்: அனாலிசிஸ், அப்ஸ்ட்ராக்ட் ஆல்ஜீப்ரா, முடிந்தால் டோபாலஜி. விண்ணப்பம் போகும் டிசம்பருக்குள் இவை முடிந்திருக்க வேண்டும். நாலாம் வருஷத்திலேயே விண்ணப்பித்தால் முடிந்திருக்காது.

அதனால் அவசரப்படாதே, ஒரு வருஷம் கூடுதலாக எடு. வெளிநாட்டு மாணவனுக்கு அது பெரிய செலவு, தெரியும். அது கட்டாது என்றால் சி.எஸ்.ஸை முடித்து, கணக்கை இரண்டாவது மேஜராக, அதாவது இன்னொரு முதன்மைப் பாடமாகச் சேர். கால்குலஸ், லீனியர் ஆல்ஜீப்ரா, டிஸ்க்ரீட் என்று சி.எஸ்.ஸுக்காகப் படித்ததெல்லாம் அதற்கும் சேர்ந்துகொள்ளும். எது செய்தாலும் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் முதலில் சொல். உன் மாணவர் விசாவுக்கு ஆதாரமான கல்லூரிப் படிவம் ஐ-20, அதில் உள்ள முடிவு தேதிக்கு முன்பே நீட்டிப்பு கேட்டாக வேண்டும். தேதி தாண்டினால் பெரிய தலைவலி.

பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும். "வகுப்பில் ஏ வாங்கினான்" என்று மட்டும் எழுதிய கடிதம் பத்து காசு பெறாது. பேராசிரியரோடு நெருங்கிப் பழக வழி கோடை ஆராய்ச்சித் திட்டங்கள், ஆனால் அவற்றில் பலவற்றில் அரசுப் பணம், அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும்தான். அதனால் உன் துறையிலேயே ஒருவரைப் பிடித்து, வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒரு புத்தகத்தைச் சேர்ந்து படி. உன்னைத் தெரிந்த கடிதம் அங்கிருந்துதான் வரும்.

அப்பாவிடம் இதைச் சொல்: இங்கே பி.எஸ். முடித்து நேராக பிஎச்.டி. போகலாம், நடுவில் எம்.எஸ்.சி. தேவையில்லை. கணக்கு பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. பாடம் எடுக்க உதவினால் மாதச் சம்பளமும் உண்டு. ஐந்தாறு வருஷம் ஆகும். எம்.எஸ். அப்படி இல்லை, அநேகமாகக் கைக்காசு. வீட்டை அடமானம் வைத்துக் கணக்கில் எம்.எஸ். படிக்காதே. மேலே படிக்கவில்லை என்றாலும் கணக்குப் பட்டத்துக்கும் சி.எஸ். போலவே ஓ.பி.டி., அதாவது படித்த துறையில் இங்கே வேலை பார்க்கும் அனுமதி, 12 மாதம், அதற்கு மேல் 24 மாத நீட்டிப்பு உண்டு. எங்கப்பா இந்தச் சம்பள விஷயத்தைக் கேட்டதும்தான் குரலைத் தணித்தார்.

அடுத்த செமஸ்டர் அனாலிசிஸில் இடம் இருக்கிறதா என்று இன்றைக்கே பார். நிரம்பியிருந்தால் மெயில் போட்டுவிட்டுக் காத்திருக்காதே, நேரே போய்க் கதவைத் தட்டு.